பத்தொன்பது கயிறும் ஒரு பச்சைக் கூடாரமும்

வருஷத்தில் முந்நூற்று அறுபத்தோரு நாள் எவரிஸ்த் திஜூவை அவருடைய குடும்பம் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. நகராட்சிக்காக முப்பத்தோரு வருஷம் சாலையோரப் புல் வெட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகவில்லை. வயது ஐம்பத்தொன்பது. குடும்பத்தில் விசேஷம் என்றால் எதையாவது வாங்கிவர அவரைத்தான் அனுப்புவார்கள். அவர் திரும்பி வருவதற்குள் படம் எடுத்து முடித்திருப்பார்கள். அப்படிப் பதினோரு கல்யாணப் படங்களில் அவர் இல்லை. ஆனால் ஈஸ்டரின் நாலு நாளும் அவர்தான் ராஜா. அந்த நாலு நாளை நினைத்துக்கொண்டே மிச்ச வருஷத்தைச் சிரித்த முகத்தோடு ஓட்டிவிடுவார்.

ஈஸ்டருக்கு ரெயூனியன் தீவு மொத்தமும் கடற்கரைக்குக் குடிபெயர்ந்துவிடும். மலையில் இருப்பவர்களும் வருவார்கள், கடலுக்கு எதிர்வீட்டில் இருப்பவர்களும் வருவார்கள். மெத்தை, அடுப்பு, பாட்டுப் பெட்டி, நாய், கோழி, எதையும் வீட்டில் விட்டு வருவதில்லை. கறுப்பு மணலின் ஓரத்தில் சவுக்குத் தோப்பு இருக்கிறது. அதில் நல்ல நிழலுக்கு நடக்கும் போட்டியைப் பார்த்தால் தேர்தலெல்லாம் சும்மா என்று தோன்றும். ஆனால் அடிதடி கிடையாது. தோப்புக்கென்று ஒரு சட்டம் உண்டு, எந்த அலுவலகத்திலும் எழுதி வைக்காத சட்டம். செவ்வாய்க்கிழமை முதல் கயிறு கட்டலாம். வியாழன் நண்பகல்வரை அந்தக் கயிற்றை ஒருவரும் தொடக்கூடாது. நண்பகலுக்குப் பிறகு கயிற்றுக்குள் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். கயிறே இல்லாத இடம் என்றால் ஆளுக்கு ஒரு மரம், அவ்வளவுதான்.

திஜூ குடும்பத்தில் நாற்பத்தேழு பேர். அவர்களுக்கு நாலு மரம் வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்த நாலு மரத்தையும் எவரிஸ்த் காப்பாற்றி வந்தார். நேர்மையாகச் சொன்னால், மூன்று மரத்தைக் காப்பாற்றினார், நாலாவதைத் தள்ளிக்கொண்டு வந்தார். அது பக்கத்து இடத்துக்காரியான மதாம் வித்ரியின் மரம். வருஷத்துக்கு ஒரு முழம் என்று கயிற்றை நகர்த்தி நகர்த்தி, பத்து வருஷத்தில் அதைத் தன் பக்கம் வளைத்துவிட்டார். மதாம் வித்ரி பள்ளிக்கூடச் சமையலறையை முப்பது வருஷம் ஆண்டவள், அவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்த மரத்தைக் காட்டி அவள் ஏசுவாள், இவர் காது கேட்காதவர் மாதிரி விறகு பிளப்பார்.

போன ஈஸ்டரில்தான் வம்பு வந்தது. எவரிஸ்த் கொஞ்சம் பிந்திப் போனதில் இரண்டு மரம் கைவிட்டுப் போயிற்று. பிற்பகல் வெயிலில் அம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. அக்கா ஜில்பெர்த் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அடுத்த வருஷமும் கோட்டை விட்டால் இடம் பிடிக்கிற வேலை தன் மருமகன் தியரிக்கு. தியரி வங்கியில் வேலை செய்பவன், மடக்கு நாற்காலியை விரிக்கத் தெரியாதவன். இதைக் கேட்ட நாளிலிருந்து எவரிஸ்துக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அந்த வேலையும் போய்விட்டால் குடும்பத்தில் தனக்கு மிஞ்சுவது என்ன என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

அதனால் இந்த வருஷம் செவ்வாய்க்கிழமை விடியும்போதே தோப்பில் நின்றார். கரும்பு லாரியில் பாரம் கட்டுகிற பச்சைக் கயிறு, அதில் அம்மாவின் பழைய பூப்போட்ட உடுப்பைக் கிழித்துக் கட்டிய துண்டுகள். நாலு மரத்தையும் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டார். தள்ளி நின்று பார்த்தபோது தன் கட்டைப் பார்த்துத் தானே பெருமைப்பட்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தார்ப்பாய்கள், மூன்று பெரிய சட்டிகள், அம்மாவின் மெத்தை எல்லாவற்றையும் தன் பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் பாட்டு. மனுஷருக்குக் குரல் கிடையாது, ஆனாலும் பாட்டு. எத்தாங்-சலே வளைவில் கடல் தெரிந்ததும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

தோப்புக்குள் வண்டியை நிறுத்தியவருக்கு முதலில் வழி தவறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. மரங்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. அவருடைய கயிறு மட்டுமல்ல, ஒரு கயிறுகூட இல்லை. வீராப்பின் என்ற பேருள்ள குடும்பத்தின் மஞ்சள் துணி இல்லை, மீன்காரர்களின் நீல வலைக்கயிறு இல்லை, மதாம் வித்ரியின் துணிக்கொடியும் அதன் கிளிப்புகளும் இல்லை. தரையில் ஒரு தாள் துண்டு, ஒரு மூடி கிடையாது. யாரோ தோப்பையே பெருக்கி எடுத்திருந்தார்கள். அந்தப் பெரிய வெறுமையில், சரியாக அவருடைய நாலாவது மரத்தடியில், ஒரு சின்னப் பச்சைக் கூடாரம். அதன் வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் ஸொரே. பிரான்சிலிருந்து புதிதாக வந்து குடியேறுபவர்களுக்குத் தீவில் அதுதான் பேர். வெயில் பட்டு மூக்கு மட்டும் சிவந்திருப்பதைப் பார்த்தே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று சொல்லிவிடலாம். ஆணின் பேர் லோயிக், குடிநீர் நிலையத்தில் வேலைக்கு வந்தவன். பெண்ணின் பேர் எனோரா, நர்ஸ். தீவுக்கு வந்து அவர்கள் வாங்கிய முதல் பொருள் அந்தக் கூடாரம். ஆள் அரவமில்லாத கடற்கரையில், அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இரண்டே பேராக நாலு நாள். இதுதான் அவர்கள் திட்டம். ஈஸ்டருக்கு. இந்தத் தோப்பில். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் எவரிஸ்துக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

"ஏன் தம்பி, இங்க கயிறு ஏதாச்சும் பார்த்தீங்களா?" என்றார்.

லோயிக்கின் முகம் மலர்ந்துவிட்டது. தன்னைப்போலவே மனம் நொந்த ஒருவரைக் கண்ட சந்தோஷம்.

"பார்க்காம என்னங்க? ஒரு மரம் பாக்கியில்லாம கட்டி வச்சிருக்காங்க. கந்தல் துணி வேற. அஞ்சரை மணிக்கு வந்தோம், ரெண்டு பேருமா மூணு மணி நேரம் சுத்தம் பண்ணியிருக்கோம். நாலு மூட்டை தேறிச்சு, பாருங்க."

கார் பக்கத்தில் நாலு மூட்டையும் வரிசையாக நின்றன. எவரிஸ்த் ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"அறுத்தீங்களா, அவுத்தீங்களா?"

"அவுத்தோம். நான் அறுக்கலாம்னுதான் சொன்னேன், இவதான் விடல. நல்ல கயிறு, யாருக்காவது உதவும்னா."

எவரிஸ்த் அந்தப் பெண்ணை ஒரு முறை பார்த்தார். அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கோவில் கட்டவும் தயாராக இருந்தார். அவள் புருஷனை என்ன செய்யலாம் என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

பிறகு சொன்னார். கயிறு என்றால் என்ன, யாருடையது, எதற்கு என்று நாலே வாக்கியம். கேட்டுக்கொண்டிருந்த லோயிக் மெல்ல மணலில் உட்கார்ந்தான். கையிலிருந்த காப்பி சாய்ந்து கொட்டியதைக்கூடப் பார்க்கவில்லை. மொத்தம் எத்தனை பேருடைய கயிறு என்று கேட்டான். பத்தொன்பது குடும்பம், ஆள் கணக்கில் அறுநூறுக்குக் குறையாது என்றார் எவரிஸ்த். எனோரா எழுந்து கூடாரத்தின் முளையைப் பிடுங்கப் போனாள்.

அதற்குள் ஒரு லாரி வந்துவிட்டது. மதாம் வித்ரிதான் ஓட்டி வந்தாள், பின்னால் மூன்று பையன்களும் இரண்டு மருமகள்களும். லாரி நிற்பதற்கு முன்பே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யார் செய்தது, ஏன் செய்தது என்றெல்லாம் நேரத்தை வீணாக்கவில்லை. கயிறு இல்லையென்றால் ஆளுக்கு ஒரு மரம். ஆறு பேர், ஆறு மரம். கையை நீட்டி ஒவ்வொரு மரமாகக் காட்டினாள், பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். அதில் மூன்று மரம் எவரிஸ்துடையது.

எவரிஸ்த் பக்கத்தில் இருந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு ஆள், ஒரு மரம். நாற்பத்தேழு பேர் சனிக்கிழமை வந்து இந்த ஒற்றை நிழலில் நிற்பதும், ஜில்பெர்த் தன்னை ஏற இறங்கப் பார்ப்பதும் கண்முன்னே வந்தன. வாய் தானாகப் பேசிற்று.

"நில்லு, மதாம் வித்ரி. அந்தக் கூடாரத்துல இருக்கிற ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க. எங்க குடும்பம். அவங்களுக்கும் ஆளுக்கொரு மரம் உண்டு."

மதாம் வித்ரி நின்றாள். சிவந்த மூக்குகள் இரண்டையும் பார்த்தாள். பிறகு எவரிஸ்தின் கறுத்த முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நேராகப் போய் லோயிக்கின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீங்க இந்த ஆளு குடும்பமாமே. உங்க மாமா பேரு என்ன?"

எவரிஸ்த் அவர்களிடம் தன் பேரைச் சொல்லவே இல்லை. அதற்குள் இன்னும் இரண்டு வண்டிகள் வந்து நின்று, அவற்றிலிருந்து இறங்கியவர்களும் கூடிவிட்டார்கள். லோயிக் எழுந்து நின்றான். பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு பேரைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். பேசாமல்கூட இருந்திருக்கலாம்.

"இவர் பேரு எனக்குத் தெரியாதுங்க. அரை மணி நேரத்துக்கு முன்னாலதான் பார்த்தேன். ஆனா இந்த மரத்துல இவரோட கயிறு இருந்துச்சு. நான்தான் அவுத்தேன். உங்களோடதையும் நான்தான் அவுத்தேன். எல்லாத்தையும் நான்தான்."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்த பிறகு எழுந்த சத்தத்தை எழுத முடியாது, எழுதவும் கூடாது. மீன்காரக் குடும்பத்தின் பெரியவன் கூடாரத்தின் கம்பியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். அடுத்த நொடி எவரிஸ்த் மரத்தை விட்டுவிட்டு அங்கே நின்றார். ஒரு மரத்தைப் பிடித்திருந்தவர் அதையும் விட்டுவிட்டார் என்பதை அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"பையன் உண்மையச் சொன்னான்ல?" என்றார் எவரிஸ்த். "அப்புறம் என்ன? கயிறு ஒண்ணும் அறுந்து போகல. மூட்டைய அவுருங்க. எது எங்க இருந்துச்சுன்னு நான் சொல்றேன்."

அவரால் சொல்ல முடியும் என்று யாரும் நம்பவில்லை. அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இருபத்தாறு வருஷம் இடம் காத்த மனுஷனுக்கு வியாழனும் வெள்ளியும் வேறென்ன வேலை? தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார், யார் எந்த மரத்தில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார், மனதுக்குள் குறை சொல்வார். புல் வெட்டியவர் கண் வேறு, ஒரு விரல்கடை வித்தியாசம்கூடத் தப்பாது. மற்றவர்களுக்கோ தங்கள் மரம் மட்டும்தான் தெரியும். அதோடு கூட ஒரு மரம் சேர்த்துச் சொல்லாத குடும்பம் ஒன்றுகூட இல்லை.

நாலு மூட்டையும் மணலில் கொட்டப்பட்டன. மணி ஒன்பதே முக்கால். நண்பகலுக்குள் பத்தொன்பது கயிறும் ஏறியாக வேண்டும்.

எவரிஸ்த் சிக்குக்குள் கையை விட்டு முதலில் நீலக் கயிற்றை எடுத்தார். மீன்காரர்கள், ஐந்து மரம், தக்கை கோத்த முனை கடல் பக்கம். மீன்காரப் பெரியவன் ஆறு மரம் என்றான். எவரிஸ்த் அவனை ஆறாவது மரத்தடிக்கு அழைத்துப் போய்ப் பட்டையைத் தடவிக் காட்டினார். வருஷா வருஷம் கயிறு கட்டின மரத்தில் பட்டை தேய்ந்து வழவழவென்று இருக்கும், இது சொரசொரவென்று இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு எல்லாம் மாறிவிட்டது.

அதற்குப் பிறகு தோப்பு முழுக்க ஒரே ஓட்டம்தான். வீராப்பின் குடும்பத்தின் மஞ்சள் துணி, மூன்று மரம், மடிப்பு உள்பக்கம். சீனக்கடைக்காரரின் அரிசிச் சாக்குச் சணல், இரண்டு மரமும் ஒரு கல்லும். தொலைபேசிக்காரரின் கறுப்பு வயர். எவரிஸ்த் மரத்தைக் காட்டுவார், எனோரா கயிற்றோடு ஓடுவாள், லோயிக் இழுத்துக் கட்டுவான். முதல் நாலு முடிச்சைப் பார்த்துப் பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஐந்தாவதை வீராப்பின் வீட்டு மருமகள் பிடுங்கித் தானே கட்டிக் காட்டினாள். எட்டாவதிலிருந்து லோயிக்கின் முடிச்சு அவிழாமல் நின்றது. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. இறங்கியவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்ல ஆள் இருந்தது, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கயிறு அவிழ்த்த ஸொரேவின் உயரம் கொஞ்சம் கூடியது. யாரோ பாட்டுப் பெட்டியை முழக்கினார்கள். அலைச் சத்தம் கேட்க வந்தவர்களுக்கு அதற்குப் பிறகு நாலு நாளும் அலைச் சத்தம் கேட்கவில்லை.

எவரிஸ்துக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "எவரிஸ்த், இங்க வாங்க", "எவரிஸ்த், எங்களோடத சொல்லுங்க" என்று நாலா பக்கமும் கூப்பிட்டார்கள். வாழ்நாளில் இத்தனை வாயிலிருந்து தன் பேரை அவர் கேட்டதில்லை. இடையில் மதாம் வித்ரியின் துணிக்கொடியும் ஏறியது. அவளுக்கு ஏழு மரம் உண்டு. ஆறில் கட்டிவிட்டு எவரிஸ்த் நின்றார். ஏழாவதுதான் அந்த நாலாவது மரம். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"இது உன்னோடதுதான். நான்தான் வருஷத்துக்கு ஒரு முழம் நகர்த்தினேன்," என்றார், மரத்தைப் பார்த்துக்கொண்டே.

மதாம் வித்ரி கொடியின் மிச்சத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு மணலில் ஒரே ஒரு கயிறு மிஞ்சியது, பச்சைக் கயிறு. ஊரார் கயிற்றுக்கெல்லாம் ஓடியவர் தன்னுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தார். குனிந்து எடுத்தார். இனி மூன்று மரம்தான். மூன்று மரத்தில் நாற்பத்தேழு பேர் முடியாது, ஜில்பெர்த்திடம் இதைச் சொல்லவும் முடியாது.

மதாம் வித்ரி அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

அவளே கட்டினாள். முதல் மரம், இரண்டாவது மரம், மூன்றாவது மரம், எதையும் அவரிடம் கேட்கவில்லை. அவருடைய மரம் எது என்று இந்தத் தோப்பில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மூன்றாவதில் ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்ந்தாள். நாலாவது மரத்தடியில் அந்தப் பச்சைக் கூடாரம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. வாசலில் லோயிக்கும் எனோராவும் கை சிராய்ந்து, தலையெல்லாம் சவுக்கு ஊசியோடு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

"இவங்க ரெண்டு பேரும் உன் குடும்பம்னு சொன்னே," என்றாள் மதாம் வித்ரி.

"சொன்னேன்."

"இப்பவும் அதான் சொல்றியா?"

"அதான் சொல்றேன்."

"சரி. மரம் என்னோடது, ஆளு உன்னோடது. ஆள வெயில்லயா நிறுத்த முடியும்?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை நாலாவது மரத்துக்கும் இழுத்தாள். இழுத்து, கூடாரத்தையும் உள்ளே வைத்து, முடிச்சைப் போட்டாள். "இந்த வருஷம் மட்டும்."

அவள் போட்ட முடிச்சு எவரிஸ்த் போடுவதைவிடக் கெட்டியாக இருந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது, ஜில்பெர்த். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை, இடம் இருக்கா என்றுதான் ஆரம்பித்தாள்.

"இருக்கு. நாலு மரம்," என்றார்.

"நாலுமா? வித்ரி சண்டைக்கு வரலியா?"

"அவதான் கட்டினா."

அவள் அதை நம்புவதற்குள் எவரிஸ்த் அடுத்ததைச் சொன்னார்.

"அரிசிய ரெண்டு பேருக்குச் சேர்த்துப் போடு, அக்கா. நம்ம ஆளுங்க ரெண்டு பேரு கூட இருக்காங்க. வந்து பாரு, தெரியும்."

யார் அந்த இரண்டு பேர் என்று ஜில்பெர்த் கேட்கவில்லை. வேறு ஏதோ வேலையைச் சொல்கிற தொனியில் சொன்னாள். "அடுத்த வருஷமும் நீதான் போகணும், எவரிஸ்த். தியரிக்கெல்லாம் இது வராது."

எவரிஸ்த் பதில் சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. ஐம்பத்தொன்பது வயதில், பட்டப்பகலில், பத்தொன்பது குடும்பத்தின் முன்னால் அழுதார். அவர் அதை மறைக்கவும் இல்லை. எனோரா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லோயிக் வண்டியிலிருந்து தார்ப்பாயை இறக்கி, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று கேட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எவரிஸ்த் வந்தார், மூன்று பேருமாக அதை விரிக்கத் தொடங்கினார்கள்.